படகு வாங்குவதற்கு முன் ஒரு வாரம்

"வீட்டைக் காலி செய்துவிட்டுப் படகில் குடிபோய்விடலாமா?" என்று இவர் கேட்டபோது நான் தோசை மாவு கரைத்துக் கொண்டிருந்தேன். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் வயிற்றில் புளியைக் கரைத்தது.

நாங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் இருக்கிறோம். பையன் படிக்க வெளியூர் போய்விட்டதால் வீட்டில் இவர், நான், மாமியார் மூன்றே பேர். வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. வீட்டுக்குப் பின்னால் கால்வாய். அதில் நீளமும் ஒல்லியுமாக 'நேரோபோட்' படகுகள் நிற்கும். புகைபோக்கியில் புகை வரும், கூரைமேல் பூந்தொட்டி இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு ஆசை வந்துவிட்டது. ஆனால் வங்கியில் இருக்கும் அத்தனையும் அந்தப் படகுக்குள் போய்விடும்!

"ஒரு புடவை எடுக்கவே நாலு தரம் பிரித்துப் பார்க்கிறேன். இதை ஒரு வாரமாவது வாடகைக்கு எடுத்துப் பார்க்க வேண்டாமாங்க?" என்றேன். "அத்தையும் வரட்டும். அவர்களும்தானே அதில் இருக்கப் போகிறார்கள்?" அத்தைக்கு எழுபத்திரண்டு வயது, முழங்காலில் வலி.

அக்டோபரில், விட்சர்ச் என்ற ஊரில் படகு ஏறினோம். லாங்கோலன் கால்வாயில் வேல்ஸ் வரை போய்த் திரும்புவது திட்டம். நீளம் 57 அடி, அகலமோ ஏழடிக்கும் குறைவு. உள்ளே நின்று இரண்டு கையையும் நீட்டினால் இரு சுவரையும் தொடலாம். அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்துக் கால்வாய்களின் 'லாக்' என்னும் மதகுத் தொட்டிகளை ஏழடி அகலத்துக்குக் கட்டிவிட்டார்கள். அதனால் படகுகளும் அதற்குள் அடங்கியாக வேண்டும். முன்னாளில் சரக்கேற்றிய படகுகளில், பின்புறம் பத்தடி அறை ஒன்றில் புருஷன், பெண்டாட்டி, குழந்தைகள் என்று குடும்பமே இருந்ததாம். ஒரு படகில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்று 1877-இல் சட்டமே போட வேண்டியிருந்தது. நான் மூன்று பேருக்கே திணறினேன்!

சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்புகிறது. முதல் நாள் இவர் இதை மறந்து மறந்து கரையில் முட்டினார். மணிக்கு நாலு மைலுக்கு மேல் போகக் கூடாது என்பதால் முட்டினாலும் பாத்திரம்தான் உருண்டது.

சமையலைச் சொல்லுகிறேன். காஸ் அடுப்பு நன்றாகவே எரிந்தது. சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். பாட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டர் ஒரு கத்தல் கத்திவிட்டு நின்றுவிட்டது. கடுகு தாளித்ததும் புகை அலாரம் ஊளையிட்டது. கரி அடுப்புப் பக்கத்தில் வைத்த மாவு மட்டும் அந்தக் குளிரிலும் பொங்கிவிட்டது, வீட்டில் கூட அப்படிப் பொங்கியதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குழாயடியில் நிறுத்திப் படகின் தொட்டியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்ட எனக்கு மனசு வரவில்லை, பாத்திரம் அலசினேன். துவைத்த துணிகள் இரண்டு நாளாகியும் காயவில்லை, ஜன்னலெல்லாம் வியர்த்து வடிந்தது.

இரண்டாம் நாள் காலை முன்கதவைத் திறக்கப் போனால், கீழே காற்றுத் துவாரங்களில் அத்தையின் சால்வை அடைத்திருந்தது! "ராத்திரி குளிர் காற்று வந்ததம்மா, அதான்" என்றார் சாவகாசமாக. எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. உள்ளே ராத்திரி முழுக்கக் கரி எரிந்திருக்கிறது. காற்றுப் போக்கு இல்லாவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. தலைவலி, வாந்தி, மயக்கம் என்று ஆரம்பித்துத் தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். இதற்கான அலாரம் படகுகளில் இருந்தே தீர வேண்டும் என்று 2019 முதல் விதி. எங்கள் படகிலும் இருந்தது. ஆனால் அலாரத்தை நம்பித் துவாரத்தை அடைக்கலாமா? சகோதரிகளே, கரி அடுப்போ கணப்போ வைக்கிற எந்த வீட்டிலும் இதைக் கவனியுங்கள்.

நாலாம் நாள் பான்ட்கசல்தே பாலம். டீ நதிக்கு மேலே 126 அடி உயரத்தில், ஆயிரம் அடி நீளத்துக்கு இரும்புத் தொட்டியில் கால்வாயே போகிறது. தாமஸ் டெல்ஃபோர்டும் வில்லியம் ஜெஸ்ஸப்பும் கட்டி 1805-இல் திறந்தது. ஒரு பக்கம் நடைபாதையும் கம்பியும் உண்டு. மறுபக்கம் தொட்டியின் விளிம்புதான், அதற்கப்பால் வெறும் ஆகாசம். நான் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். அத்தையோ முன்புறம் உட்கார்ந்து, "இங்கே வந்து பாரும்மா, நதி பாவாடை நாடா மாதிரி தெரியுது" என்று கூப்பிட்டபடி இருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

திரும்பும் வழியில் லாக்கில் இறங்கும்போது இவர் பயந்தே போனார். தண்ணீர் வடிய வடியப் பின்கதவை ஒட்டி ஒரு கல் திண்ணை வெளியே வருகிறது. படகின் பின்பாகம் அதில் மாட்டினால் முன்பாகம் அமிழ்ந்துவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னாலேயே படகை வைத்துக்கொள்ள வேண்டும். இந்தக் கவனத்தில் இருந்த நாங்கள், அடுத்த குழாயடியில் அத்தை தானாக இறங்க முயன்றதைப் பார்க்கவில்லை. படகுக்கும் கரைக்கும் இடையில் கால் நழுவியது. பக்கத்துப் படகுக்கார அம்மாள் ஒருவர் ஓடி வந்து தோளைப் பிடித்திருக்காவிட்டால்... நினைக்கவே பயமாயிருக்கிறது.

அந்த அம்மாள் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துவிட்டு எங்களோடு காப்பி குடித்தார். ஒன்பது வருஷமாகப் படகிலேயே வாசமாம். நிரந்தர இடம் வாடகைக்கு எடுக்காவிட்டால் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்க முடியாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், நாலு வருஷத்துக்கொரு முறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருஷத்துக்கொரு தடவை கரையேற்றி அடிப்பாகத்துக்குத் தார்ப்பூச்சு என்று செலவுகள். கழிப்பறைப் பெட்டியைக் கையால் தூக்கிப் போய்க் கொட்டுவது வேறு. "அதெல்லாம் பழகிவிடும். கடிதம் வருவதுதான் கஷ்டம்" என்றார். எனக்கு அத்தையின் கண் ஆஸ்பத்திரிக் கடிதமும், மாதாமாதம் வாங்கும் பிரஷர் மாத்திரையும் ஞாபகம் வந்தன. எல்லாம் சொல்லிவிட்டு, "அக்டோபர் பிரயாணத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். பிப்ரவரியில் வந்து பாருங்கள்" என்றார்.

அன்றிரவு இவர் சாப்பிடவே இல்லை. "அம்மாவுக்கு இது சரிப்படாது, விட்டுவிடலாம்" என்றார்.

"என்னைச் சாக்குச் சொல்லாதேடா" என்று படுக்கையிலிருந்தே குரல் வந்தது. "கால் வழுக்கினது என் அவசரத்தாலே. உன் பெண்டாட்டிக்கு முடியுமான்னு கேட்டியா?"

கேட்கத்தான் கேட்டார். என் வாழ்நாளில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. உடனே பதில் வரவில்லை. காலையில் சொன்னேன்: பணத்தை வங்கியிலிருந்து எடுக்க வேண்டாம், வீட்டையும் விட வேண்டாம், பிப்ரவரியில் இன்னொரு வாரம் பார்ப்போம்.

குளிர்காலத்திலும் படகு தரும் இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து முன்பணம் கட்டியாயிற்று. மிக்ஸிக்குப் பதில் சின்ன அம்மி எடுத்துப் போகிறேன். அத்தை இறங்கி ஏற ஒரு மரப்படி வேண்டுமென்று இவர் கொல்லையில் பலகை அறுத்துக் கொண்டிருக்கிறார். உயரம் சரியா என்று அத்தை ஏறி ஏறிப் பார்த்து, இன்னும் ஓர் அங்குலம் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.