பட்டாவின் தலைமேல் ஒரு கோபுரம்

ஈரோடு ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள்.

வேப்பமரத்தடியில் மனு எழுதுபவர் முன்னால் ஓர் ஆத்தா உட்கார்ந்திருக்கிறார். மஞ்சப்பையிலிருந்து பட்டா நகலை எடுத்து, மடிப்புகளை விரலால் நீவுகிறார். "நாலு சென்ட்டு கொறையுதுங்க. பக்கத்துக் காட்டுக்காரர் வரப்ப வெட்டிட்டாருங்க. அளந்து கல்லு நட்டுக் குடுக்கச் சொல்லி எழுதுங்க சாமி."

பட்டாத் தாளின் உச்சியில் தமிழ்நாடு அரசுச் சின்னம். கோபுரம், அதன்முன் அசோகரின் சிங்கங்கள், இருபுறமும் தேசியக்கொடி.

"இது எந்தக் கோயிலு கண்ணு?"

"ஸ்ரீவில்லிபுத்தூருங்க ஆத்தா. டீச்சர் சொன்னாங்க" என்கிறான் பேரன்.

"மதுரைன்னும் சொல்றாங்க தம்பி." எழுதுபவரின் பேனா நிற்கவில்லை.

ஊரெல்லாம் சொல்வது ஆண்டாள் கோயில் கோபுரம் என்றுதான். இந்தச் சின்னத்தை வரைந்த மதுரை ஓவியர் ஆர். கிருஷ்ணாராவோ, மீனாட்சியம்மன் கோயில் மேற்குக் கோபுரத்தைப் பார்த்து வரைந்ததாகச் சொன்னார். வரைந்தவர் வாக்கையே நான் நம்புகிறேன். மாகாண முதல்வர் ஓமந்தூரார் ஆட்சிக்காலத்தில் உருவாகி, 1949இல் சென்னை மாகாணத்தின் முத்திரையானது அந்தச் சின்னம்.

கொங்கு மண்ணுக்கு அரச முத்திரை புதிதல்ல. கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த சேரர் காசுகளில் வில்லும் அம்பும் இருக்கின்றன. அந்த வில் மன்னனுடையது. இந்தச் சின்னம் இருப்பதோ ஆத்தாவின் பட்டாவில்; பேரனின் பள்ளிப் புத்தகத்திலும்கூட.

1930களின் பிற்பகுதியில் இதே ஈரோட்டில் கடவுள் மறுப்பாளர் பெரியாரிடம் பத்திரிகைப் பணி செய்தவர் அண்ணா. ஆனாலும் 1967இல் முதலமைச்சரானபின் அவர் சின்னத்தின் கோபுரத்தில் கைவைக்கவில்லை. வடமொழி வாசகம் இருந்த இடத்தில் 'வாய்மையே வெல்லும்' என்று தமிழில் பொறிக்கச் செய்தார். கும்பிடுகிறவருக்குக் கோபுரம், எல்லோருக்கும் வாய்மை. இதைவிடப் பெரிய மனசு ஒரு முத்திரைக்கு வேண்டியதில்லை.

ஆத்தா கைநாட்டு வைக்கிறார். பெருவிரல் மையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வரிசையில் சேர்கிறார். முறை வருகிறது. மனுவை வாங்கிப் பதிந்து, ஒப்புகைச் சீட்டைக் கொடுக்கிறார்கள்.

அரசு தன் பெயரால் கொடுத்த வாக்கு அந்தச் சின்னம். சர்வேயர் வந்து அளந்து, ஆத்தாவின் வரப்பில் கல் நடுகிற அன்றுதான் அந்த வாக்கு நிறைவேறும்.