பூசலார் ஊரில் ஒரு பழைய கார்

அரக்கோணம் மார்க்கத்து மின்சார ரயிலில் ஏறினால் அம்பத்தூர், ஆவடி தாண்டி வருகிறது திருநின்றவூர். பெருமாளுக்கு இங்கே பக்தவத்சலர் என்று பெயர். தாயாருக்கு 'என்னைப் பெற்ற தாயார்'. ஆனால் அம்பாஸடர், பத்மினி என்று பழைய கார் வாங்கத் துடிக்கும் வாலிபர்கள் முதலில் போக வேண்டியது இருதயாலீஸ்வரர் கோயிலுக்கு!

காரணம் பூசலார் நாயனார். கையில் காசில்லாமல், மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டியவர். நாள் பார்த்து அஸ்திவாரம், சிகரம், மதில், கிணறு, குளம் என்று ஒன்று விடாமல்! அதே நாளில் காஞ்சியில் கற்கோயில் பிரதிஷ்டைக்கு ஏற்பாடு செய்திருந்த பல்லவ ராஜாவின் கனவில் சிவன் வந்து, 'நாளைக்கு நான் நின்றவூர் போறேன், நீ வேற நாள் பாரு' என்று சொல்லிவிட்டதாகப் பெரியபுராணத்தில் கதை.

பழைய காருக்கும் அதே முறைதான். முதலில் மனசில் முழுசாகக் கட்டிப் பார்க்கணும். அப்புறம்தான் பர்ஸைத் திறக்கணும். நம்மாட்கள் தலைகீழ்!

எந்தக் கார்? அம்பாஸடர் 2014 வரை தயாரானது. பாகங்களுக்கு அவ்வளவாக அலைய வேண்டாம். 1961-ல் நம்ம மெட்ராஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அழகி. ஆனால் அவளுக்கு ஒரு கண்ணாடி தேடி ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை என்று ஞாயிற்றுக்கிழமைகள் கரையும். எங்கே நிறுத்துவீர்கள்? இது ஏரிக்கரை ஊர். தெருவில் தண்ணீர் தேங்கினால் துரு அடியிலிருந்து ஏறும்.

பார்க்கப் போகும்போது ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் கீழ்ப்பக்கம் ஒட்டாவிட்டால் உள்ளே இரும்பு இல்லை சார், பட்டி! தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நீங்கள் போகும்போதே என்ஜின் சூடாக இருந்தால் உஷார்: காலையில் ஸ்டார்ட் ஆகாத கதையை மறைக்கிறார்கள். நீலப் புகை வந்தால் பெட்ரோலோடு ஆயிலும் எரிகிறது.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின், சேஸிஸ் நம்பர்கள் வண்டியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா? 15 வருஷம் தாண்டிய காருக்கு 5 வருஷத்துக்கு ஒரு தரம் பதிவைப் புதுப்பிக்கணும். 50 வருஷம் தாண்டி, உருமாறாமல் இருந்தால் 2021 விதிப்படி 'வின்டேஜ்' பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய். ஆனால் அதில் தினம் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், ரிப்பேர்... அவ்வளவுதான்!

வாங்கியாச்சா? உடனே பிரித்துப் போடாதீர்கள். லோன் போட்டு வாங்கி, ஒரே நாளில் அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, பணம் தீர்ந்து, தார்ப்பாய்க்கு அடியிலேயே மக்கிய வண்டிகள் ஏராளம். முதலில் நிற்க வேண்டும்: பிரேக், டயர். அடுத்து எரியக் கூடாது: வயரிங், பெட்ரோல் ரப்பர் குழாய். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரித்துவிடும். பெயின்ட், சீட் கவர் எல்லாம் கடைசி.

வெள்ளோட்டமாக ஞாயிறு விடிகாலை, வெயிலுக்கு முன்னால், சி.டி.எச். ரோட்டில் திருவள்ளூர் வீரராகவர் கோயில் வரை போய் வாருங்கள். சித்திரை வெயிலில் பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி படுத்தால், அதன்மேல் ஈரத்துணி போட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், மறுபடி கிளம்பும்.

இருதயாலீஸ்வரரை இதய நோய்க்காரர்கள் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். மெக்கானிக் பில்லைப் பார்த்தவர்களும் தாராளமாக வேண்டிக்கொள்ளலாம்!