பீரங்கிக்கு ஏற்ற இழுவை வண்டி

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் கனரகப் பீரங்கிகளை 1/35 அளவு மாதிரிகளாகச் செய்பவர்களுக்குப் பீரங்கியை ஒட்டி முடிப்பதோடு வேலை தீர்வதில்லை. அதற்கு முன்னால் எந்த இழுவை வண்டியை நிறுத்துவது என்ற கேள்வி பாக்கி இருக்கும். ஜெர்மன் ராணுவம் இதை எடைக் கணக்காகவே வைத்திருந்தது. முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலிப்பட்டையும் கொண்ட ஹாஃப்-ட்ராக் வண்டிகளை 1, 3, 5, 8, 12, 18 டன் என்று வகுத்தது. இந்த எண் வண்டியின் எடையைச் சொல்வதன்று. அது இழுக்க வேண்டிய சுமையைச் சொல்வது. கனரகப் பீரங்கிகளுக்கு உரியவை கடைசி மூன்று: க்ராஸ்-மாஃபை வடிவமைத்த 8 டன் வண்டி, டைம்லர்-பென்ஸின் 12 டன் வண்டி, ப்ரெஸ்லாவ் நகரத்து ஃபாமோ நிறுவனத்தின் 18 டன் வண்டி.

8 டன் வண்டிக்குப் பின்னால் பெரும்பாலும் காணப்படுவது 8.8 செ.மீ. விமான எதிர்ப்புப் பீரங்கி. இந்த ஜோடியில் குழப்பம் குறைவு. குழப்பமெல்லாம் அதே வண்டி இழுத்த இன்னொரு பீரங்கியான 15 செ.மீ. எஸ்.எஃப்.ஹெச். 18 ஹோவிட்ஸரில்தான். இது இரண்டு வடிவங்களில் படைக்குப் போனது. குதிரைகள் இழுக்கும் பிரிவுக்குப் போனதில் சக்கரத்தின் விளிம்பு இரும்பு. குழலைக் கழற்றித் தனி வண்டியில் ஏற்றி, குழலுக்கு ஆறு குதிரை, தாங்கிக்கு ஆறு குதிரை என்று பூட்டுவார்கள். மோட்டார் பிரிவுக்குப் போனதில் சக்கரத்தைச் சுற்றிக் கெட்டி ரப்பர். குழலைக் கழற்றாமல் தாங்கியின் மேலேயே பின்னுக்கு இழுத்துக் கட்டி, முழுப் பீரங்கியையும் ஒரே சுமையாகக் கொண்டுபோவார்கள். இரும்பு விளிம்புச் சக்கரம் மோட்டார் வேகத்துக்கு ஆனதல்ல. தார்ச்சாலையில் அந்த வேகத்தில் எழும் அதிர்வைப் பீரங்கியின் தாங்கி பொறுக்காது. அதனால் 8 டன் வண்டிக்குப் பின்னால் இரும்பு விளிம்புச் சக்கரத்தைப் பொருத்திவிட்டால், வண்ணப்பூச்சு எத்தனை நேர்த்தியாக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர் கண் அங்கேதான் போய் நிற்கும்.

21 செ.மீ. மோர்ஸர் 18 வேறு ரகம். சுடும் நிலையில் இதன் எடை ஏறத்தாழ 16.7 டன், பயணச் சாதனங்கள் சேர்ந்தால் 22 டன்னைத் தாண்டும். தொலைதூரப் பயணத்துக்குக் குழலையும் தாங்கியையும் பிரித்து இரண்டு சுமைகளாக்குவார்கள். பிரித்த பிறகு ஒவ்வொன்றும் 12 டன் வண்டியின் சக்திக்குள் அடங்குகிறது. ஒரு பீரங்கிக்கு இரண்டு இழுவை வண்டி தேவைப்பட்ட காரணம் இதுதான். பொருத்திய நிலையில் குறுகிய தூரம் இழுத்ததும் உண்டு. ஆகவே ஒரே வண்டியும் முழுப் பீரங்கியுமாக ஒரு காட்சியை அமைப்பது தவறில்லை. ஆனால் அது பீரங்கி நிலையின் அருகே நடக்கும் இடமாற்றமாக இருக்க வேண்டும், நெடுஞ்சாலை அணிவகுப்பாக அல்ல. இதே தாங்கியில் ஏறிய 17 செ.மீ. கனோனேவுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும்.

தாமியா நிறுவனத்தின் மாதிரிக் கிட்டால் 18 டன் ஃபாமோ வண்டி பலருக்கு அறிமுகம். அதன் கம்பீரத்துக்காகவே எல்லாப் பெரிய பீரங்கிக்கும் அதைப் பூட்டும் ஆசை வருவது இயல்பு. 24 செ.மீ. கனோனே 3 போன்ற, பல சுமைகளாகப் பிரித்துச் சென்ற பீரங்கிக்கு அது பொருத்தமே. ஆனால் போரில் ஃபாமோவின் பெரும்பணி பழுதான டாங்கிகளை மீட்பதாகவே இருந்தது. அசல் வண்டியின் நீளம் 8.25 மீட்டர், 1/35 அளவில் 23.6 செ.மீ. பின்னால் ஒரு சுமையும் சேர்ந்தால் அடிப்பலகை அரை மீட்டரை நெருங்கிவிடும். அலமாரியில் இடம் உண்டா என்பதை வாங்கும்போதே யோசிப்பது நல்லது.

வண்டி சரியாக அமைந்தபின் கவனிக்க வேண்டியது இணைப்பு. வண்டியின் பின் கொக்கியும் சுமையின் இழுவளையமும் ஒரே உயரத்தில் சந்திக்க வேண்டும். வளையம் மேலே தூக்கிக்கொண்டு நின்றால் எடை இல்லாத பொம்மை போலாகிவிடும். கனரகச் சுமைகளுக்குக் காற்று பிரேக் இருந்தது. அதற்கான குழாய் இழுவை வண்டியிலிருந்து பின்னால் வரும் சுமைக்குத் தொய்வாகத் தொங்கும். பெரும்பாலான கிட்களில் இது கிடையாது. மெல்லிய ஈயக் கம்பியை வளைத்து, நடுவில் சற்றுத் தாழவிட்டு ஒட்டினால் போதும். வண்டி சுமையை இழுப்பது கண்ணுக்குத் தெரியும். குழலின் வாய்க்கு மூடி, வண்டியில் பீரங்கிக் குழுவின் மூட்டைகள், இவையும் பயணத்துக்கு உரியவை.

காலமும் ஒத்துப்போக வேண்டும். 1943 பிப்ரவரியில் அடர் சாம்பலுக்குப் பதில் அடர் மஞ்சள் அடிப்படை நிறமானது. மறுபூச்சு எல்லா இடத்திலும் ஒரே நாளில் நடக்கவில்லை என்பதால் சாம்பல் பீரங்கியும் மஞ்சள் வண்டியும் அந்த ஆண்டுக்குள் சேர்ந்து நிற்கலாம்; 1940 பிரான்ஸ் காட்சியில் நிற்க முடியாது. மரப்பலகை அடித்த பின்பெட்டி போரின் பிற்பகுதிக்கே உரியது. கிழக்குப் போர்முனையில் ஹாஃப்-ட்ராக் போதாதபோது, கைப்பற்றிய சோவியத் டிராக்டர்களையும் பூட்டினார்கள். ஸ்டாலினெட்ஸ் எஸ்-65 மணிக்கு 7 கி.மீ. வேகம்தான் போகும், ஆனால் கனரகச் சுமையைச் சேற்றில் விடாமல் இழுக்கும். அப்படி ஒரு காட்சியை எடுத்துக்கொள்பவர், தான் காட்டும் பிரிவின் புகைப்படம் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும்.