ஊர் காண்பார்க்கு உறையுள்

ஒரு நகரத்தை முதன்முறை காணப் புகுவோர் எதனைக் காண்பது என்று பல நாள் ஆராய்வர். எங்கே தங்குவது என்பதைப் புறப்படும் நாளில் ஆராய்வர். காணத்தக்க இடங்களைப் பட்டியலிட்டு வைத்திருப்பவர், தலை சாய்க்கும் இடத்தை யாரோ ஒருவர் கூறிய ஒரு சொல்லை நம்பி முடிவு செய்துவிடுகின்றார். இவ்விரண்டனுள் முன்னையதினும் பின்னையதே பெரிது என்பது, ஹெவ்லொக் டவுனில் பல்லாண்டு வாழ்ந்து, ஊரிலிருந்து வருவோர்க்கு இடம் பார்த்துக் கொடுக்கும் பணி தானாகவே வந்து வாய்த்த ஒருவன் என்னும் முறையில் யான் கண்ட உண்மை. விழா நாள்களை ஒட்டி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கடல் கடந்த நாடுகளிலிருந்தும் பழைய மாணவர் பலர், கொழும்பைக் கண்டறியாத மனைவி மக்களுடன் வர எண்ணி, "மாஸ்டர், எங்கே இடம் எடுக்கலாம்?" என்று கேட்கின்றனர். அவர்கட்குத் தனித்தனியே கூறுவதை ஈண்டு ஒருங்கே கூற முற்படுகின்றேன்.

தமிழாசிரியன் ஆதலின் முதற்கண் இளங்கோவடிகளை நினையாதிருத்தல் இயலாது. மதுரைக் காண்டத்திலே 'ஊர்காண் காதை' என்றே ஒரு காதை உண்டு. நகர் காணச் செல்லும் கோவலன், கண்ணகியைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு வீதி வீதியாகத் திரியவில்லை. மதிற்புறத்தே, அறவோர் உறையும் இடத்திலே, கவுந்தியடிகளின் பால் அவளை இருத்திவிட்டே நகருள் புகுகின்றான். மணிக் கடை, பொற் கடை, அறுவைக் கடை, கூலக் கடை ஆகியவற்றை எல்லாம் கண்டு மீள்கின்றான். அடுத்து வருவது 'அடைக்கலக் காதை'. துறவோர் உறையும் இடம் இல்லறத்தார்க்கு ஏற்றதன்று என்று கருதிய கவுந்தியடிகள், பொழுது சாயுமுன் ஆயர் மூதாட்டி மாதரியின் பொறுப்பிலே கண்ணகியை விடுகின்றார். ஊர் காணலும் உறையுள் தேடலும் அடுத்தடுத்த இரு காதைகளாக அமைந்திருப்பதை வகுப்பிலே விளக்குந்தோறும் எனக்குத் தோன்றுவது ஒன்றுண்டு. தங்குமிடம் என்பது நகரைக் காண்பதற்கு வசதியான இடம் மட்டுமன்று. நமக்கு அருமையானவர்களை அச்சமின்றி விட்டுச் செல்லத்தக்க இடமுமாகும். அஃது அமைந்தால் அன்றிக் கண் எதனையும் காணாது.

நிற்க, கொழும்பைப் பார்ப்போம். இந்நகரின் பழைய ஹோட்டல்கள் எங்கே எழுந்தன என்பதை நோக்கின் ஓர் உண்மை புலனாகும். காலிமுக ஹோட்டல் 1864இல் தோன்றியது. துறைமுகத்தின் அருகே யோர்க் வீதியில் உள்ள கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டல் 1875இல் திறக்கப்பட்டது. உருசிய எழுத்தாளர் செக்கோவ் 1890இல் இலங்கை வந்தபோது தங்கியது இங்கேதான். கப்பலில் வருவோன் கரையில் கால் வைத்தவுடன் கட்டிலைக் காணவேண்டும் என்பதே இவ்விடத் தேர்வின் கருத்து. 1897 சனவரியில் கப்பலில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தரோ, அன்பர்களின் ஏற்பாட்டினால் கறுவாத்தோட்டத்து மாளிகை ஒன்றிலே தங்கினார். நம்மவர் பெரும்பாலும் வந்தது கப்பலில் அன்று, புகையிரதத்தில். 1905இல் வடபாற் பாதை காங்கேசன்துறையை எட்டியது. 1956 ஏப்பிரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. ஆகவே நம்மவர்க்கு வாயில் துறைமுகம் அன்று. கோட்டைப் புகையிரத நிலையமே. அதனை ஒட்டிப் புறக்கோட்டையிலும், வடக்கே கொட்டாஞ்சேனையிலும், தெற்கே வெள்ளவத்தையிலும் தமிழர் நடத்திய லொட்ஜுகளும் சைவக் கடைகளும் பெருகின.

நகரின் அமைப்பை நெஞ்சிலே பதித்துக்கொண்டால் தேர்வு எளிதாகும். கொழும்பு கடலோரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது. வடக்கே கொட்டாஞ்சேனை, அடுத்துப் புறக்கோட்டை, கோட்டை, பின்பு காலிமுகத் திடல், அதன் தெற்கே கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெகிவளை. கடற்கரைப் பக்கமாகப் புகையிரதப் பாதையும், சற்று உள்ளே காலி வீதியும் ஒன்றுக்கொன்று துணையாக ஓடுகின்றன. கிழக்கே கறுவாத்தோட்டம், அதன் தெற்கே எமது ஹெவ்லொக் டவுன்.

கோட்டையில் தங்குவோன் பழைய பாராளுமன்றக் கட்டடத்தையும் துறைமுகத்தையும் காலிமுகத் திடலையும் நடந்தே காணலாம். ஆயின் அலுவலகங்கள் அடைத்த பின்னர் அப்பகுதி வெறிச்சோடிவிடும், நம்மவர் உண்ணும் உணவும் எளிதிற் கிட்டாது, கட்டணமும் மிகுதி. கொட்டாஞ்சேனையில் தங்குவோனுக்குக் கிடைப்பது பழைய கொழும்பு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லாற் புதுக்கிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும், 1757இல் வழிபாட்டிற்குத் திறக்கப்பட்ட ஒல்லாந்தரின் வுல்வெண்டால் தேவாலயமும், செட்டியார் தெருவின் பொற்கடைகளும் கதிரேசன் கோயில்களும் அண்மையில் உள்ளன. ஆனால் தெருக்கள் நெருக்கமானவை. பாரவண்டிகளின் ஓசை இரவிலும் ஓயாது. சிறு குழந்தைகளுடனும் முதியோருடனும் முதன்முறை வருவோர்க்கு அந்நெருக்கம் மலைப்பைத் தரும்.

இனி, யான் வாழும் ஹெவ்லொக் டவுனைப் பற்றியும் நடுநிலை பிறழாது கூறவேண்டும். 1890 முதல் 1895 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இப்பகுதி, மரநிழலும் அமைதியும் உடையது. தங்குதற்கு நல்ல மனைகளும் உண்டு. எனினும் இங்குப் புகையிரதம் இல்லை, கடல் இல்லை, 120ஆம் இலக்கப் பேருந்தையோ முச்சக்கர வண்டியையோ நம்பியே எங்கும் செல்லவேண்டும். இரண்டாம் முறை, மூன்றாம் முறை வருவோர்க்கு இவ்விடத்தை மனமாரப் பரிந்துரைப்பேன். முதன்முறை வருவோர்க்கு, என் வீட்டுக்கு அண்மையில் இருக்கவேண்டும் என்னும் ஆசை எனக்கு இருந்தபோதிலும், பரிந்துரையேன்.

அவர்கட்கு யான் காட்டுவது வெள்ளவத்தையும் பம்பலப்பிட்டியும் தம்முள் எல்லை தொடும் பகுதியையே. அங்கே காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே சிறு ஒழுங்கைகள் பல உள்ளன. அவற்றுள் ஒன்றில் தங்கினால், ஒருபுறம் சில நிமிட நடையிற் கடலும் புகையிரத நிலையமும். மறுபுறம் சில நிமிட நடையில் 100, 101ஆம் இலக்கப் பேருந்துகள் ஓடும் காலி வீதியும், இட்டலியும் இடியப்பமும் கிடைக்கும் கடைகளும். கொழும்புத் தமிழ்ச் சங்கம், 1942இல் தோன்றியது, வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையிலே நூலகத்தோடு விளங்குகின்றது. இராமகிருஷ்ண மிஷனும் அப்பகுதியிலேயே உள்ளது. ஆடிவேல் விழாவிலே செட்டியார் தெருவினின்று இரதத்தில் எழுந்தருளும் முருகப் பெருமானும் பம்பலப்பிட்டிக்கு வந்து தங்கியே மீள்கின்றான். இடத்தின் சிறப்பிற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுமோ என்று நண்பர்களிடம் நகையாகக் கூறுவதுண்டு.

இத்துணையும் வசதி பற்றிய செய்தி. வசதிக்கு அப்பாலும் ஒன்றுண்டு. நம்மவர்க்குக் கொழும்பில் தங்குமிடம் என்பது நெடுங்காலம் உல்லாசப் பயணத்தோடு சேர்ந்த சொல்லாக இருந்ததில்லை. கடவுச்சீட்டுக்காக, விசாவுக்காக, மருத்துவத்துக்காக, சிறையிலிருந்த மகனைக் காண்பதற்காக வந்தோரே அக்காலத்து லொட்ஜுகளில் நிறைந்திருந்தனர். 2007ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள், புறக்கோட்டை, கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை முதலிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் அதிகாலையில் எழுப்பப்பட்டுப் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. பின்னர்ப் பிரதமரும் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அவ்வேளை வெளிநாட்டுப் பயணத்திற்காகக் காத்திருந்த என் தம்பி, அதற்கு முந்திய வாரமே லொட்ஜை விட்டு என் அறைக்கு வந்துவிட்டான். ஆயினும் அச்செய்தி யாழ்ப்பாணத்தில் இருந்த எம் அன்னையார்க்கு எட்ட இரண்டு நாள் சென்றது. அவ்விரண்டு நாளும் அவர் உண்ணவில்லை என்பதைப் பின்னரே தமக்கையார் கூற அறிந்தேன்.

2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணத்தை அடைந்தது. அதற்கடுத்த ஆண்டு மார்கழி விடுமுறையில், அறுபத்தெட்டு வயதான அன்னையாரும் தமக்கையாரும் அத்தானும் மக்கள் இருவரும் கொழும்பு காணப் புறப்பட்டனர். அன்னையார் அதுவரை இந்நகரைக் கண்டதில்லை. என் மனையோ ஓர் அனெக்ஸ். ஐவர்க்கு இடம் போதாது. கோட்டையிற் பெரிய ஹோட்டல் ஒன்றிலே இரண்டு நாளாவது இருக்கவேண்டும் என்பது அத்தானின் விருப்பம். திருவெம்பாவைக் காலமாதலின், விடியுமுன் நடந்து செல்லக் கூடிய தூரத்தில் ஒரு கோயில் வேண்டும் என்பது அன்னையாரின் விருப்பம். தொலைபேசியில் இவற்றை எல்லாம் பேசி முடித்த பின்னர் அவர் மெல்லக் கேட்டார்: "தம்பி, அங்கை ராவிலை பொலிஸ் வந்து எழுப்புமோ?" எட்டாண்டு கழிந்தும் அவருக்குக் கொழும்பு என்றால் அந்த இரவே. இனி அப்படி இல்லை என்று எத்துணை சொல்லினும் சொல்லால் அது நீங்காது என்பது விளங்கிற்று.

பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயில்களுக்கு நடந்து செல்லத்தக்க ஓர் ஒழுங்கையில், குடும்பமாக நடத்தும் சிறு விடுதி ஒன்றில் இரண்டு அறை எடுத்தேன். வந்து சேர்ந்த காலையில் மேசையில் இருந்தவர் அடையாள அட்டையைக் கேட்டார். அன்னையார் கைப்பையைத் திறந்து, அடையாள அட்டை, கிராம சேவையாளரின் கடிதம், எந்தக் காலத்ததோ ஒரு பொலிஸ் பதிவுத் துண்டு, என் தம்பியின் பழைய படம் ஒன்று ஆகிய அனைத்தையும் மேசைமேல் ஒழுங்காக அடுக்கினார். அம்மனிதர் சற்று நேரம் அவற்றைப் பார்த்திருந்து, அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு, "இது காணும் அம்மா, மற்றதெல்லாம் உள்ளை வையுங்கோ. வெந்நீர் தரட்டோ, குளிக்க?" என்றார். எந்த நட்சத்திர ஹோட்டலின் வரவேற்பும் அதற்கு ஈடாகாது.

முதல் இரவு அன்னையார் உறங்கினாரில்லை; புகையிரதம் செல்லுந்தோறும் எழுந்து இருந்தார் என்று தமக்கையார் கூறினார். மறுநாள் விடியுமுன் எல்லோருமாகக் கோயில் சென்றோம். அன்றே கடற்கரைப் பாதையாற் புகையிரதத்திற் கோட்டைக்குச் சென்றோம். வெள்ளவத்தையினின்று ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். வழி நெடுகக் கடல். செட்டியார் தெருவும் கொச்சிக்கடையும் கண்டோம். பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கற் தூண் ஒன்றிலே கை வைத்தபடி அன்னையார் நெடுநேரம் நின்றார். அடுத்த நாள் 1877இல் திறக்கப்பட்ட நூதனசாலையையும், மாலையிற் காலிமுகத் திடலையும் கண்டோம். அத்தானின் ஆசையும் நிறைவேறுமாறு கோட்டையின் பழைய ஹோட்டலொன்றில் அனைவரும் தேநீர் அருந்தினோம். மூன்றாம் நாள் விடியலில் யான் விடுதிக்குச் சென்றபோது அன்னையார் அறையில் இல்லை. தனியே கோயிலுக்குப் போய், திருவெம்பாவைப் பூசை கண்டு, வழியிற் பூவும் வாங்கிக்கொண்டு, காலி வீதியின் ஓரமாகத் தாமே நடந்து வந்துகொண்டிருந்தார்.

ஆகவே, இடம் தேடும் அன்பர்கட்குச் சில கூறுவேன். தூரத்தைக் கிலோமீற்றரில் அளவாதீர். வருவோருள் மிக மெதுவாக நடப்பவரின் நடையால் அளவுக. படத்தைக் கண்டு முடிவு செய்யாது, கொழும்பில் இருக்கும் ஒருவரை மாலை ஐந்து மணிக்குப் பின் அவ்வொழுங்கையிற் சென்று பார்த்துவரச் செய்க. பகலிற் காணும் தெரு வேறு, இரவிற் காணும் தெரு வேறு. காலி வீதியைக் கடத்தல் முதியோர்க்கு அரிது. கோயிலும் கடையும் விடுதியும் வீதியின் ஒரே பக்கத்தில் அமையுமாயின் நன்று. புகையிரதப் பாதைக்கு அண்மையில் உள்ள மனையின் காற்றும் நன்று, ஓசையும் பெரிது. ஆதலின் ஒழுங்கையின் நடுப்பகுதியே ஏற்றது. மாடிப்படி எத்தனை, மின்தூக்கி உண்டா, நீர் எந்நேரமும் வருமா என்பவற்றைக் கூச்சமின்றிக் கேட்க. கட்டணத்திற் சிறிது மிச்சம் பிடிக்க எண்ணித் தூரத்தே தங்குவோர், அம்மிச்சத்தை முச்சக்கர வண்டிக்கே கொடுத்துத் தீர்ப்பர்.

எமது கல்லூரியிற் பயிலும் இளைஞர்காள், உங்களிடமும் நாளை யாரேனும் இடம் கேட்டு வருவர். எத்தனை நாள், எவ்வளவு பணம் என்று கேட்குமுன், "யாரை அழைத்து வருகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவ்வினாவிற்குக் கிடைக்கும் விடையிலிருந்தே உங்கள் தேடல் தொடங்கட்டும்.