தாத்தாவின் பட்டு வேட்டி

கேமரன் மலையில் பனி விலகும் முன்பே கொழுந்து பறிப்போர் சரிவுகளில் இறங்கிவிடுவர். 1929-ஆம் ஆண்டு இங்குப் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர் இம்மலையில் உழைத்தனர். ஈரம் படாதிருக்க இடுப்பில் பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டிக்கொள்வதே அவர்களின் வேலை உடை.

அத்தகைய முதியவர் ஒருவரின் பேரனுக்குத் தோட்டத்துக் கோவிலில் திருமணம். கோலாலம்பூரில் பணிபுரியும் அவன் தயங்கியபடி, "தாத்தா, நான் கோட்டு சூட்டே போட்டுக்கொள்கிறேன். வேட்டி நழுவினால் எல்லாரும் சிரிப்பார்கள்" என்றான்.

தாத்தா சினம் கொள்ளவில்லை. "ராசா, வருடம் முழுவதும் இடுப்பில் பிளாஸ்டிக்கைக் கட்டிக்கொண்டு மலையில் நின்றவன் நான். என் கல்யாணத்தன்று பட்டு வேட்டி கட்டியபோதுதான் நிமிர்ந்து நடந்தேன்" என்றார்.

விழாக்கால ஆடை தரும் இந்த நிமிர்வைப் பிற இனத்தாரும் அறிவர். ஜப்பானியரின் 'ஹகாமா' இதற்குச் சான்று. முன்புறம் ஐந்து மடிப்புகளுடன் கணுக்கால் வரை தொங்கும் அகன்ற கீழாடை அது. முற்காலத்தில் சாமுராய் வீரர்கள் அதனை அணிந்தனர். 1872-இல் ஜப்பானிய அரசு, அரசாங்கச் சடங்குகளுக்கு மேலைநாட்டு உடையை விதித்தது. எனினும், ஹகாமா மறைந்துவிடவில்லை. திருமணத்தில் மணமகனும் பட்டமளிப்பு விழாவில் மாணவியரும் இன்றும் அதனை அணிகின்றனர். கெண்டோ என்னும் வாட்கலை பயில்வோர், பயிற்சி முடிந்ததும் அதனை மடிப்புக் கலையாமல் மடித்துவைக்கவும் கற்கின்றனர்.

வேட்டிக்கும் சோதனை வந்ததுண்டு. 2014-இல் வேட்டி அணிந்து சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைச் சென்னையில் ஒரு மன்றம் உள்ளே விடவில்லை. அதே ஆண்டில், பொது இடங்களில் இத்தகைய தடையை நீக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு இயற்றியது. சட்டத்தால் வாசலைத் திறக்க முடியும். ஆனால், வேட்டி கட்டக் கற்றுத்தர வீட்டில் ஒருவர் வேண்டுமல்லவா?

திருமணத்திற்கு முதல் நாள் இரவு, தாத்தா பழைய பெட்டியைத் திறந்தார். வேட்டியின் இரு முனைகளையும் சமமாகப் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கிச் சுற்றி, மேல்விளிம்பை இடுப்பில் சுருட்டிக் காட்டினார். பேரனுக்கு இருமுறை நழுவியது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாம் முறை வேட்டியின் கரை கணுக்காலில் நேராக விழுந்தது.

"இப்போது நடந்து பார், ராசா" என்றார் தாத்தா.