5 வோல்ட் எங்கே போச்சு?

ஜூன் 9, திங்கள்

காலையில் வந்து நின்ற 12 சக்கர லாரிக்கு, சேலத்திலிருந்து தர்மபுரி போகையில் தொப்பூர் ஏற்றத்தில் இழுவை போய்விட்டதாம். "ஏனுங்ணா, எவ்வளவு மிதிச்சாலும் பிக்கப்பே இல்லீங். பூஸ்ட் சென்சார் போச்சுன்னு வழியில புதுசு போட்டாங்க. அப்பவும் அப்படியேதான் இருக்குதுங்" என்றார் டிரைவர். கழற்றிய பழைய சென்சாரைத் துணியில் சுற்றி டேஷ்போர்டில் பத்திரமாக வைத்திருந்தார்.

ஸ்கேனரை மாட்டினேன். பூஸ்ட் அழுத்தம், ஆயில் அழுத்தம், இஜிஆர் வால்வு நிலை என்று வரிசையாக ஃபால்ட். மூன்று சென்சார் ஒரே நேரத்தில் சொல்லி வைத்தாற்போல் போகாது. கடைசி வரியில் எஸ்பிஎன் 3509, எஃப்எம்ஐ 4 என்று இருந்தது. விஷயம் அங்கேதான். எஸ்பிஎன் 3509 என்பது சென்சார் சப்ளை 1. எஃப்எம்ஐ 4 என்றால் அங்கே வோல்டேஜ் தாழ்ந்துவிட்டது என்று பொருள்.

லாரியின் பேட்டரி 24 வோல்ட். இஞ்சினின் கம்ப்யூட்டரான இசிஎம் அதை வாங்கி, சீராக்கி, 5 வோல்ட்டாகச் சென்சார்களுக்குக் கொடுக்கிறது. சென்சாருக்குச் சென்சார் தனித்தனியாக அல்ல. நான்கைந்துக்குச் சேர்த்து ஒரே லைன். ஒரு வீட்டு வாசலில் பைப் உடைந்தால் தெருவுக்கே தண்ணீர் வராதல்லவா, அதே கதைதான்.

முதலில் பேட்டரி: 25.1 வோல்ட். சரி. கீ ஆன், இஞ்சின் ஆஃப். பூஸ்ட் சென்சார் கப்ளரைக் கழற்றி சப்ளை பின்னில் மீட்டர் வைத்தால் 0.3. மீட்டரை அங்கேயே விட்டுவிட்டு, அதே லைனில் உள்ள மற்ற சென்சார்களின் கப்ளரை ஒவ்வொன்றாகப் பிடுங்கச் சொன்னேன். ஆயில் அழுத்த சென்சாரைப் பிடுங்கியபோது எண் அசையவில்லை. இஜிஆர் கப்ளரைப் பிடுங்கியதும் 4.98 என்று ஏறியது. இஜிஆர் வால்வின் நிலை சென்சார் உள்ளுக்குள் ஷார்ட். ஷார்ட் ஆனதும் இசிஎம் தன்னைக் காத்துக்கொள்ளக் கரன்டைக் குறைத்துவிட்டது. லைனில் இருந்த எல்லாரும் இருட்டில். பூஸ்ட் சென்சார் ஒரு பாவமும் அறியாதது. பழையதையே மறுபடி மாட்டினோம், வேலை செய்தது.

ஜூன் 10, செவ்வாய்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "24 வோல்ட் கையில இருக்கறப்ப எதுக்குண்ணா 5 வோல்ட்?"

நல்ல கேள்வி. அளக்கச் சீரான ஓர் அளவுகோல் வேண்டும், அதுதான் இந்த 5 வோல்ட். டீசல் ரெயில் அழுத்த சென்சாரை வைத்துச் சொன்னேன். பல இஞ்சின்களில் அழுத்தம் பூஜ்யமாக இருக்கையில் அது 0.5 வோல்ட் காட்டும். அளவின் உச்சியில் 4.5. அந்த உச்சி 1800 பார் என்றால், 2.5 வோல்ட்டுக்கு 900 பார். 0.5-க்குக் கீழும் 4.5-க்கு மேலும் வேண்டுமென்றே காலியாக விட்டிருக்கிறார்கள். சிக்னல் அந்தப் பக்கம் போனால் ஒயர் அறுந்தது அல்லது ஷார்ட் என்று இசிஎம் புரிந்துகொள்ளும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சென்சார் சொல்வது வோல்ட்டை அல்ல, 5 வோல்ட்டில் எத்தனை பங்கு என்பதை. இசிஎம்மும் அந்தச் சப்ளையை வைத்தே பங்கு பிரிக்கிறது. சப்ளை 4.9 ஆனால் இரண்டு பக்கமும் சேர்ந்தே இறங்குவதால் கணக்கு பிசகாது. ஒரு சென்சாருக்கு மட்டும் வழியில் வோல்ட் குறைந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும்.

யாருக்கு இந்த லைன் கிடையாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு ஒயர் உள்ள வெப்ப சென்சாருக்குச் சப்ளை ஒயர் இல்லை, சிக்னலும் ரிட்டர்னும்தான். காயில் வகை கிராங்க் சென்சார் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கும். நாக்ஸ் சென்சார் 24 வோல்ட்டில் ஓடும். அழுத்த சென்சாரும் வெப்ப சென்சாரும் சேர்ந்து ஃபால்ட் காட்டினால் சப்ளையைவிட அவற்றின் பொது ரிட்டர்ன் ஒயரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பழைய லாரிகளில் இந்தத் தலைவலி இல்லை. டீசல் பம்ப்பே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. பிஎஸ்-4 புகை விதி நாடு முழுக்க 2017 ஏப்ரல் 1-இல் வந்தது, பிஎஸ்-6 2020 ஏப்ரல் 1-இல். புகை குறையக் குறைய சென்சார் கூடிக்கொண்டே போயிற்று.

ஜூன் 12, வியாழன்

இன்று நேர் எதிர். ஐடிலிங் மட்டும் ஓடுகிறது, பெடலை மிதித்தால் இஞ்சினுக்கு அசைவே இல்லை. கோடு எஸ்பிஎன் 3510, எஃப்எம்ஐ 3. சப்ளை 2-இல் வோல்டேஜ் கூடுதல். பெடல் கப்ளரில் அளந்தால் 23 வோல்ட்.

5 வோல்ட் லைனுக்குள் 24 நுழைய வேண்டுமென்றால் வெளியிலிருந்து யாரோ கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். "சமீபத்துல கேபின்ல ஏதாவது வேலை பார்த்தீங்களா?" என்றேன். புதிதாக மியூசிக் சிஸ்டம் மாட்டியதாகச் சொன்னார் ஓனர். பேனலைக் கழற்றினால், ஒரு ஸ்க்ரூ ஒயர் கட்டுக்குள் இறங்கி இரண்டு ஒயரை ஒன்றாகத் தைத்திருந்தது.

பெடலுக்குள் இரண்டு சென்சார். பெரும்பாலும் இரண்டு தனித்தனி சப்ளை. ஒன்று போனாலும் வண்டி தறிகெட்டு ஓடக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. பிரித்து, ஈயம் வைத்து, ஹீட் ஸ்லீவ் போட்டபின் இரண்டு சிக்னலையும் பார்த்தேன். மிதிக்காதபோது 0.75, 0.37, மிதிக்க மிதிக்க ஒன்று மற்றதற்கு இரு மடங்காகவே ஏறியது. பெடல் பிழைத்துக்கொண்டது.

நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறை தெருவுக்குத் தெரு. வெளிக் கரன்ட் உள்ளே நுழைவது வெல்டிங்கிலும் நடக்கும் என்பதால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை: வெல்டிங் தொடங்குமுன் பேட்டரி ஒயரையும் இசிஎம் கப்ளரையும் கழற்றிவிடுங்கள். எர்த் கிளாம்பை வெல்டு விழும் இடத்துக்கு அருகிலேயே கடியுங்கள்.

ஜூன் 15, ஞாயிறு

திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் ஒன்று. கம்ப்ரசர் இஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். பாறையில் துளை இறங்கும்போது திடீரென நின்றுவிடும். மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும். ஸ்கேனரில் சப்ளை 1 கோடு இருக்கிறது, ஆனால் 'இப்போது இல்லை' என்ற நிலையில். ரெயில் அழுத்த சென்சாரும் அதே லைன்தான். அதற்குக் கண் மறைந்தால் இஞ்சின் நிற்காமல் என்ன செய்யும்?

வந்து போகும் ஃபால்ட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் பிடிக்க முடியாது. மீட்டரை மின்-மேக்ஸில் போட்டுச் சப்ளை பின்னில் மாட்டிவிட்டு, கீ ஆன் செய்து, ஒயர் கட்டை இசிஎம்மிலிருந்து சென்சார் வரை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டே போனோம். இஞ்சினின் பின்பக்கம் ஒரு பிராக்கெட் வளைவில் கை வைத்ததும் மீட்டர் 0.1-ஐப் பிடித்தது. கிளிப்பின் ரப்பர் விழுந்துபோய், அதிர்விலேயே ஒயர் தோல் உரிந்து செம்பு இரும்பில் உரசிக்கொண்டிருந்தது. ஒயரைச் சரிசெய்து, டியூப் ஏற்றி, ரப்பர் வைத்த புதுக் கிளிப் போட்டோம். செலவில் பெரும்பகுதி நாங்கள் போய்வந்த டீசல்தான்.

ஜூன் 18, புதன்

மீட்டரே பொய் சொல்லும் நாளும் உண்டு. பூஸ்ட் குறைவாகக் காட்டும் ஒரு வண்டி. கப்ளரைக் கழற்றி அளந்தால் அழகாக 4.9 வோல்ட். கப்ளரை மாட்டி, பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளந்தால் 3.1. சென்சார் கரன்டை இழுக்காதவரை, ஒற்றை இழையில் தொங்கும் ஒயரும் முழு வோல்ட்டைக் காட்டும். இழுக்கும்போதுதான் வேஷம் கலையும். சென்சார் ஷார்ட் இல்லையே என்று உறுதி செய்ய, கப்ளரில் 470 ஓம் ரெசிஸ்டரை வைத்தேன். சுமார் 10 மில்லி ஆம்பியர் இழுக்கும். அப்போதும் சரிந்தது, ஆக, குறை ஒயரிங்கில். சப்ளை வழியில் இருந்த ஒரு கப்ளரின் பின்னில் பச்சை பூத்திருந்தது. வாட்டர் சர்வீசில் பிரஷர் கன்னை நேராக அடித்ததன் பலன்.

பையன் டெஸ்ட் லாம்பைத் தூக்கிக்கொண்டு வந்தான். தடுத்துவிட்டேன். பழைய ஒயரிங்குக்கு அது தெய்வம். 5 வோல்ட் லைனுக்கு எமன். பல்பு இழுக்கும் கரன்டை அந்த லைன் தாங்காது. ஒயர் தோலைக் குத்தி அளப்பதும் கூடாது. அந்த ஓட்டை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும்.

ஜூன் 21, சனி

"எல்லாம் பார்த்தாச்சு, இசிஎம்தான் போச்சுங்கறாங்க. மாத்திடலாங்களா?" என்று ஒரு ஓனர் போனில். வண்டியைக் கொண்டுவரச் சொன்னேன். லைனிலுள்ள எல்லா சென்சாரையும் பிடுங்கியும் 5 வோல்ட் வரவில்லை. கீ ஆஃப் செய்து, பேட்டரியையும் இசிஎம் கப்ளரையும் கழற்றி, சப்ளை ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் பார்த்தேன். ஒயரில் ஷார்ட் இல்லை. இந்த இடத்தில் பலர் இசிஎம்முக்குத் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இசிஎம்முக்கே சாப்பாடு ஒழுங்காகப் போகிறதா என்று பார்த்தபின் எழுத வேண்டும். அதற்கு வரும் 24 வோல்ட் பின்களை லோடு வைத்துப் பார்த்ததில், ஃபியூஸ் ஹோல்டர் கருகி வோல்ட் பாதியாகியிருந்தது. இசிஎம் நல்லது.

சென்சார் சப்ளை ஃபால்ட்டுக்கு வரிசை இதுதான்: பேட்டரி, சப்ளை லைன், அதிலுள்ள சென்சார்கள் ஒவ்வொன்றாக, பிறகு ஒயர், பிறகு இசிஎம்முக்கு வரும் கரன்டும் எர்த்தும், எல்லாம் சரியென்றால் மட்டும் இசிஎம். இந்த வரிசையில் போனால் பெரும்பாலும் ஒரு மீட்டரும் பொறுமையும் போதும். தலைகீழாகப் போனால் புதுச் சென்சார்கள் ஒரு பெட்டி சேரும், வண்டி அப்படியே நிற்கும்.

லாரி ஓனர்களுக்குச் சொல்கிறேன். மூன்று நான்கு சென்சார் சேர்ந்து ஃபால்ட் காட்டினால் எதையும் வாங்கிக் கொடுக்காதீர்கள். "சப்ளை பின்ல எத்தனை வோல்ட் வருது?" என்று முதலில் கேளுங்கள். அதற்கு ஒரு எண்ணைப் பதிலாகச் சொல்பவரிடம் மட்டும் வண்டியை விடுங்கள்.