படிவம் கேட்காத கேள்வி

ரொறொன்ரோவில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் ஆண்டுக்கு ஒருமுறை மாநகர சபைக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். போன வருடம் உங்கள் வீட்டில் ஆள் இருந்ததா, இல்லையா? ஆறு மாதத்துக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் அது காலி வீடு. 2022ஆம் ஆண்டுக் கணக்கோடு தொடங்கிய இந்த வரி, முதலில் வீட்டு மதிப்பீட்டில் 1 வீதமாக இருந்தது. 2024ஆம் ஆண்டுக் கணக்கிலிருந்து 3 வீதம். 6 லட்சம் டொலராக மதிப்பிட்ட வீட்டுக்கு 18,000 டொலர்.

பதில் சொல்லாமல் விட்டால், வீடு காலி என்றே சபை எடுத்துக்கொள்ளும். 2024 வசந்தத்தில் அப்படி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வரி விதிக்கப்பட்டது. அவற்றில் பலவற்றில் ஆட்கள் குடியிருந்தார்கள். ஊர் கொதித்தது. பிந்திப் பதில் கொடுத்தவர்களின் வரி நீக்கப்பட்டது. ஸ்காபரோவில் நாங்கள் சந்திக்கும் தமிழ் முதியவர்கள், "நாங்கள் இஞ்சதானே இருக்கிறம், காலி வீட்டு வரி எங்களுக்கு ஏன்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. படிவம் காலி வீட்டுக்காரருக்கு மட்டுமல்ல என்பதை வீடு வீடாகச் சொல்ல ஆள் வேண்டும்.

ஆனால் அந்தக் குளறுபடியைக் காட்டி வரியே வேண்டாம் என்பவர்களோடு நாங்கள் இல்லை. தோழர்களே, இந்த வரி செய்திருக்கும் ஒரு காரியத்தைக் கவனியுங்கள். உலகமெங்கும் இல்லாதவர்தான் நிரூபிக்க வேண்டும்: வறுமையை, வதிவிடத்தை, சாதிக் கொடுமையை. இங்கே உடைமை உள்ளவர் நிரூபிக்க வேண்டும். வீடு வாழ்வதற்கு என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு நீ கணக்குச் சொல் என்று அரசு கேட்கிறது. இது சின்ன விடயம் அல்ல.

இந்தக் கேள்வி எங்கே நின்றுவிடுகிறது என்பதுதான் எங்கள் கவலை. மேல்மாடியில் வீட்டுக்காரர் குடியிருந்தால் அந்த வீடு காலி இல்லை. பேஸ்மென்ட் வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்தாலும் வரி இல்லை. அது ஏன் பூட்டிக் கிடந்தது, வாடகைக்குக் கேட்டு வந்தவர் ஏன் திரும்பிப் போனார் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

எங்கள் ஆட்கள் கேட்கும் கேள்வி வேறு. "ஊரில எவடம்?" பிறகு, "எந்தக் கோயிலடி?" அதோடு விளங்கிவிடும். முகம் மாறும். "வேற ஆக்களுக்குச் சொல்லிப்போட்டம்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே விளம்பரம் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சாதிப் பாகுபாடு ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்துக்குள் அடங்கும் என்று மாகாண மனித உரிமை ஆணைக்குழு 2023 அக்டோபரில் தெளிவாக அறிவித்தது. வீடு வாடகைக்குக் கொடுப்பதும் அந்தச் சட்டத்துக்குள் வரும். ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது. குளியலறையையோ சமையலறையையோ வீட்டுக்காரர் குடும்பத்தோடு பகிர வேண்டிய இடம் என்றால் அந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. புதிதாக வந்த மாணவர்கள் முதலில் தேடுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட அறையைத்தான்.

ஓட்டைக்கு வெளியே உள்ள இடங்களிலும் நிரூபிக்கும் சுமை மறுக்கப்பட்டவர் தலையில்தான். வீட்டுக்காரர் பேசாமல் இருந்தால் வீடு காலி என்று கொள்ளும் அரசு, அவர் காரணம் சொல்லாமல் மறுத்தால் அதைப் பாகுபாடு என்று கொள்வதில்லை. இந்த வேறுபாட்டை நாங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்பப் பேச வேண்டும். சமையலறை விலக்கைக் கேள்வி கேட்க வேண்டும்.

அதுவரை கையில் உள்ளதைப் பயன்படுத்துங்கள். விளம்பரத்தைப் படம் எடுத்து வையுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். என்ன கேட்டார்கள், எந்தத் திகதி என்று அன்றிரவே எழுதுங்கள். முடிந்தால் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பிக்க ஒரு வருட அவகாசம் உண்டு. அவமானத்தை விழுங்கிக்கொண்டு அந்த வருடத்தைக் கழியவிடாதீர்கள்.